துருத்தி இல்லாத பெட்டி

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
9 ஜூலை 1989

அன்புத் தம்பி தைரியராஜுக்கு,

அக்கா அமலராணி எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். மஸ்கட் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. எதையும் டைப் அடிக்கிறவள், நீ போன பிறகு எழுதும் முதல் கடிதத்தைக் கையால் எழுதியிருக்கிறாளே என்று யோசிக்காதே. ஆபீஸ் மெஷின் ரிப்பேர்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கோவிலுக்குப் புதுச் சாமியார் வந்திருக்கிறார். சின்ன வயது, காலில் சக்கரம். வந்த மூன்றாம் ஞாயிறே பாடற்குழுவைக் கூப்பிட்டு, "இந்த ஆர்மோனியம் ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுக்குதே. பிப்ரவரியில கோவிலுக்கு நூறு வருஷம் ஆகுது. ஆயர் வந்து பூசை வைக்கப் போறார். அதுக்குள்ள கீபோர்டுக்கு மாறியாகணும். யாருக்கு வாசிக்கத் தெரியுதோ அவங்க அந்த ஸ்டூல்ல உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டார். மெல்லிசைக் குழு அமிர்தராஜ் உடனே கையைத் தூக்கினான். அவனிடம் சொந்தக் கீபோர்டே இருக்கிறது.

அந்த ஸ்டூலில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். கல்யாணம் காட்சி என்று எனக்கு ஒன்றும் அமையவில்லை. அதற்காக நான் மூக்கைச் சிந்தியதும் இல்லை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. இப்போது அதையும் விடு என்றால் எப்படி விடுவது?

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். எனக்கு ஒரு கீபோர்டு வாங்கி அனுப்பு. அதைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எத்தனை கட்டை, என்ன கம்பெனி, எதைப் பார்த்து வாங்குவது என்று நீயே விசாரி. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாம் முதலில் வாசித்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்ததை நாம் வாசிக்கும்போது கூடவே தானும் வாசிக்கிற பெட்டி ஒன்று வந்திருக்கிறதாம். பத்திரிகையில் பார்த்தேன். அதுதான் வேண்டும்.

அப்பா ஆசீர் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
அமலா

* * *

மஸ்கட்
4 ஆகஸ்ட் 1989

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி தைரியம் வணக்கம். இங்கே நான் சுகம். ஏசி ரிப்பேர்க்காரன் வெயிலைப் பற்றிக் குறை சொன்னால் சோறு கிடைக்காது. உன் சுகமும் அப்பா சுகமும் எழுது.

இன்று வெள்ளிக்கிழமை லீவு. ரூவியில் உள்ள மியூசிக் கடைக்குப் போனேன். கடையில் ஒரு கோவாக்காரர் இருக்கிறார், அவரும் நம்மைப்போல் வேதக்காரர்தான். மூன்று ஜாதி காட்டினார். முதலாவது குழந்தைகள் விளையாடுவது, கட்டை எல்லாம் குச்சி குச்சியாக இருக்கிறது. இரண்டாவது நல்ல நீளம். இடது கையில் ஒரு விரலை வைத்தால் போதும், தாளமும் துணைச் சுரமும் தானாக ஓடும். மூன்றாவது நீ கேட்டது. வொர்க்ஸ்டேஷன் என்று பெயர். எட்டு வாத்தியத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து வைக்கலாம். ஸ்டுடியோக்காரர்கள் வாங்குவதாம்.

"யாருக்கு?" என்று கேட்டார். என் அக்காவுக்கு, ஆர்மோனியம் வாசிப்பார் என்றேன். சிரித்துவிட்டு, "ஆர்மோனியக்காரர்களுக்கு இடது கையே கிடையாது. துருத்தி தள்ளித் தள்ளி அது கூலிக்காரக் கையாகியிருக்கும். அதைப் பழக்க வேண்டுமானால் இரண்டாவதை வாங்கிக் கொடு" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. சைக்கிள் பழகுகிறவளுக்கு யாராவது விமானம் வாங்கித் தருவார்களா?

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! அது இருக்கட்டும். மார்ச்சில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தோமே, அந்தச் சுளுக்கு முழுசாகச் சரியாகிவிட்டதுதானே? நீ கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பிரியமுள்ள தம்பி,
தைரியராஜ்

* * *

திருச்சி
27 ஆகஸ்ட் 1989

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம்.

சுளுக்கா? எந்தக் காலத்துக் கதையை எடுக்கிறாய். அதை விடு.

ஆபீஸில் என்னை டைப் வேலையிலிருந்து தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க ஸ்டாம்ப் ஒட்டுகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே போவதுதான் கஷ்டம், ஒரே தள்ளுமுள்ளு.

கோவாக்காரர் சொன்னதைப் படித்தேன். அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். வாசிக்கப்போவது நான். போன ஞாயிறு அமிர்தராஜ் தன் கீபோர்டைக் கொண்டுவந்து சாமியாருக்கு வாசித்துக் காட்டினான். வலது கை பாட்டைப் பிடிக்க, இடது கை கீழே கும் கும் என்று நடை போட்டது. சாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ரெண்டு கையும் பேசுது பாருங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாவது ஜாதி எனக்கு ஆகாது. மூன்றாவதை விசாரி. காரணம் கேட்காதே. அக்கா உன்னிடம் இதுவரை ஏதாவது கேட்டிருக்கிறேனா?

அப்பா ஒரு வரி எழுத வந்தார். நான்தான் பேனாவை வாங்கி வைத்துவிட்டேன். வயதான கண், எதற்குச் சிரமம்.

அமலா

* * *

மஸ்கட்
22 செப்டம்பர் 1989

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் கேட்டு எழுதுவது.

நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறாய். நான் மறுபடியும் கடைக்குப் போனேன். உன் ஆசையைச் சொன்னேன். கோவாக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பதிவு பண்ணி வைத்து வாசிக்கிறவன் கை எந்தக் காலத்திலும் பழகாது. அதைவிடப் பெரிய ஆபத்து, மெஷின் யாருக்காகவும் காத்திருக்காது. பாடுகிறவர்கள் மூச்சு வாங்கினால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்" என்கிறார். ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது அக்கா. சின்ன வயதில் என்னைக் காப்பியடிக்க விடாதவள் நீ.

கடைசியில் ஒரு யோசனை சொன்னார். நீ வாசிப்பதைக் கேசட்டில் பிடித்து அனுப்பு. கேட்டுவிட்டு எது பொருந்தும் என்று சொல்கிறாராம். என்னோடு தங்கியிருக்கும் மருங்காபுரி வீரமலை லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். அக்டோபர் இருபதாம் தேதி திரும்புகிறார். வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவை ஒரு வரி எழுதச் சொல். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதட்டும்.

தைரியராஜ்

* * *

திருச்சி
15 அக்டோபர் 1989

அன்புத் தம்பிக்கு,

சுகம். வீரமலை வந்திருக்கிறார், காப்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் நாலே வரி.

கேசட் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் மூன்றும் இருக்கின்றன. எதிர்வீட்டு ரோசரியின் டேப்ரெக்கார்டரில் பிடித்தது, கொஞ்சம் இரைச்சல் இருக்கும்.

வருஷம் பிறந்ததும் யார் வாசிப்பது என்று சாமியார் முடிவு சொல்லிவிடுவார். தயவுசெய்து இனி ஒன்றும் கேட்காதே. வாங்கி அனுப்பு.

அமலா

* * *

மஸ்கட்
24 நவம்பர் 1989

அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய்.

கேசட்டைக் கடைக்கு எடுத்துப் போகவே இல்லை. ஒரு மாதமாக நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசிப்பு உன்னுடையதுதான், அந்த நெளிவு வேறு யாருக்கும் வராது. ஆனால் துருத்தி திறந்து மூடும்போதெல்லாம் கண்ணாடி வளையல் சத்தம் கேட்கிறது. மூன்று பாட்டிலும், மூச்சுக்கு மூச்சு. நீ ஆயுசில் வளையல் போட்டவள் இல்லை. வாட்ச் கட்டுகிறவள். துருத்தி தள்ளியது யார்?

வீரமலையிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, "உங்க அக்கா இடது கையை முந்தானைக்குள்ளயேதான் வச்சிருந்தாங்க. காப்பி டம்ளரை ஒரு கையாலயே கொண்டாந்து வச்சாங்க. எனக்கென்னமோ மாதிரி ஆயிருச்சு தம்பி" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் புரிந்துவிட்டது. டைப் அடிக்காத கடிதம், தபால் பிரிவு, இரண்டாவது ஜாதி ஆகாது, அப்பாவிடமிருந்து பிடுங்கிய பேனா. நான் எவ்வளவு பெரிய மடையன்!

காவிரிப் பாலத்து இறக்கத்தில் ஸ்கூட்டரை முறுக்கியது நான். மெதுவாப் போடா, மெதுவாப் போடா என்று பின்னால் நீ கத்திக்கொண்டே வந்தாய். விழுந்து எழுந்ததும், "சுளுக்குதாண்டா, உனக்கு நாலு நாள்ல பயணம், போய் பொட்டி கட்டு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பம்பாய் ரயிலில் உட்கார்ந்து தின்றுகொண்டே போனேன் அக்கா. ஜங்ஷனில் நீ வலது கையை ஆட்டினாய். இடது கை அன்றைக்கும் முந்தானைக்குள்தான் இருந்தது. அதைக்கூடப் பார்க்காத தம்பியாக என்னை ஆக்கிவிட்டாய். அதற்கு உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கை எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று உள்ளதை உள்ளபடி எழுது. அதுவரை எந்தப் பெட்டியும் வாங்க மாட்டேன்.

தைரியராஜ்

* * *

திருச்சி
10 டிசம்பர் 1989

தம்பி,

எழுதுகிறேன். கேட்டுக்கொள்.

எலும்பு விரிசல் விட்டிருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் நீ ரயில் ஏறியிருக்க மாட்டாய். இரண்டு வருஷம் அலைந்து கிடைத்த விசா. நீ போன அன்று மத்தியானம்தான் போய்க் காட்டினோம். அதற்குள் வீங்கிப் பாறையாகிவிட்டது. பிறகு கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, நரம்பும் அடி வாங்கியிருக்கிறது. கட்டைவிரல் கொஞ்சம் அசையும். மற்ற நாலும் மடங்காது. இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாதான் எனக்குச் சடை பின்னிவிடுகிறார். ரயில்வே பட்டறைக் கை, கம்பி முறுக்குவது போல இறுக்கிவிடுகிறார், தலை வலிக்கிறது. போதுமா?

உனக்காக மறைத்தேன் என்று எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, கடிதத்தில் எழுதிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம். உன் ஒருவனுக்காவது நான் இரண்டு கையும் உள்ளவளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். நீ கோபப்படு. ஆனால் எனக்கும் கோபம் உண்டு தைரியம். மெதுவாகப் போ என்று நான் சொன்னேன். ஒன்பது மாதமாக மனதுக்குள் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஏப்ரலிலிருந்து ரோசரிதான் எனக்குத் துருத்தி தள்ளுகிறாள். பாடுகிற பெண்கள் எல்லாம் சுற்றி நின்று சாமியார் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்கிறார்கள். எத்தனை நாள் மறைக்க முடியும்? கீபோர்டில் துருத்தி கிடையாது. கீழ் நடையை வலது கையால் முதலில் பதிந்துவிட்டால், மேலே பாட்டை அதே கையால் வாசிக்கலாம். அதனால்தான் அந்தப் பெட்டியைக் கேட்டேன். ஏமாற்று வேலையாம்! இருக்கிற கையை வைத்துக்கொண்டு வாசிப்பது ஏமாற்று வேலையா?

வேலையை விட்டு ஓடி வந்துவிடாதே. வந்தால் முகத்தில் முழிக்க மாட்டேன்.

அமலா

* * *

திருச்சி
1 ஜனவரி 1990

அன்புத் தம்பிக்கு,

புது வருஷ ஆசீர். உன்னிடமிருந்து கிறிஸ்துமஸ் கார்டுகூட வரவில்லை. நான் எழுதியது அதிகம்தான். எழுதிய பிறகு திருப்பி வாங்க முடியவில்லை.

சாமியார் சொன்னபடி கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் அமிர்தராஜ் கீபோர்டு வாசித்தான். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் வாசித்தான். திருவிருந்துப் பாடலின்போது என் வலது கை மடியில் தானாக வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவள் அதைப் பிடித்து அமர்த்தினாள்.

பெட்டி வேண்டாம். நீ சுகமாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

அக்கா

* * *

மஸ்கட்
7 ஜனவரி 1990

அக்காவுக்கு,

உப்பிலியபுரம் தங்கையன் கையில் பெட்டியும் இந்தக் கடிதமும் வருகின்றன. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை. மன்னிப்பு என்று மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

மூன்றாவது ஜாதிதான். அறுபத்தொரு கட்டை, முழு அகலம். எடை அதிகம், தங்கையன் என்னைத் திட்டிக்கொண்டே வருவார். கவனி. இதற்குள் ஸ்பீக்கர் கிடையாது. போட்டதும் சத்தம் வரவில்லையே என்று பயந்துவிடாதே, மைக்செட்டில் ஒயரைச் சொருக வேண்டும். நம் ஊர்க் கரண்டுக்கு ஸ்டெபிலைசர் இல்லாமல் போடாதே. உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறது, கரண்டு போனாலும் பதிந்ததை மறக்காது. பாடுகிறவர்கள் இரண்டு கட்டை என்றாலும் நாலு கட்டை என்றாலும் ஒரு பட்டனில் சுருதியை ஏற்றி இறக்கலாம், உன் விரல் பழகின இடத்திலேயே வாசிக்கலாம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து வேலை முடிந்ததும் நேரே கடைக்குத்தான் போனேன். கோவாக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உன் கேசட்டை வைத்து, மூன்று பாட்டுக்கும் கீழ் நடை சொல்லிக் கொடுத்தார். அதை என் இடது கையால் வாசித்து, பெட்டிக்குள் பதிந்து வைத்திருக்கிறேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பட்டனை அமுக்கினால் ஓடும்.

அப்பாவின் பழைய ஆர்மோனியத்தில் நீ பாட்டுப் பழகும்போது உனக்கு இரண்டு கையும் கட்டையில் இருக்க வேண்டும் என்று ஆசை. பின்னால் உட்கார்ந்து நான்தான் துருத்தி தள்ளுவேன். அந்தப் பழைய வேலையை எனக்குத் திருப்பிக் கொடு.

நான் சுகம்.

தைரியம்

* * *

திருச்சி
22 ஜனவரி 1990

அன்புத் தம்பிக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. பட்டனை அமுக்கியதும் உன் கை கும் கும் என்று கிளம்பியது. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அழுதேன், ஒளிக்கவில்லை.

ஆனால் நேற்று நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். கோவிலில் சாமியார் முன்னால் ஒத்திகை. மைக்செட் பிச்சமுத்து ஒயரைச் சொருகிக் கொடுத்தார். முன்னிசை பிரமாதம். பாட ஆரம்பித்தோம், போயிற்று. வியாகுலம்மாள் அத்தையை உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக ஒவ்வொரு அடிக்கும் கடைசியில் ஓர் இழுப்பு இழுத்து, மூச்சு வாங்கித்தான் அடுத்த அடிக்கு வருவார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே. உன் கை நிற்குமா? அது பாட்டுக்கு ஓடிவிட்டது. இரண்டாவது சரணத்தில் நாங்கள் ஒரு தெருவில், நீ ஒரு தெருவில். வேகத்தைக் குறைக்கிற பட்டனைத் திருகிப் பார்த்தேன். மெதுவாக ஓடுகிறது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது. அமிர்தராஜ் வாயைப் பொத்திக்கொண்டான்.

உன் கை வேகமாகப் போகிறது தம்பி. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை அது நினைத்துப் பார்ப்பதில்லை. குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இல்லை, குத்தித்தான் காட்டுகிறேன். மன்னித்துக்கொள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பாப்போம். சரிப்படலேன்னா அமிர்தராஜ்தான், மனசுல வச்சுக்காதீங்க" என்று சாமியார் சொல்லிவிட்டார். ஆறு நாள் இருக்கிறது. உன் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

தங்கையன் ஒன்று சொன்னார். "உங்க தம்பி ஆள் பாதியாயிட்டாரு. வேலை விட்டா கடை, கடை விட்டா படுக்கை. சோறு திங்கிறதே இல்ல" என்றார். உன் கடிதத்தில் 'நான் சுகம்' என்று இருந்தது.

அமலா

* * *

ஸ்ரீரங்கம் ஆபீஸிலிருந்து
16 பிப்ரவரி 1990

அன்புத் தம்பி தைரியராஜுக்கு,

முதலில் நல்ல செய்தி. பதினோராம் தேதி நூறாம் ஆண்டுப் பூசையில் ஆயர் முன்னால் நான்தான் வாசித்தேன்.

அந்த ஆறு நாளில் நடந்ததைக் கேள். இரண்டு நாள் பெட்டியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெஷின் அத்தைக்காகக் காத்திருக்காது, அத்தை இந்த ஜென்மத்தில் மாற மாட்டார். அப்புறம்தான் உறைத்தது. அத்தையின் இழுப்பு முப்பது வருஷமாக அதே இடத்தில், அதே அளவு. கோவில் மணி தப்பினாலும் தப்பும், அது தப்பாது. அப்படியானால் பெட்டிக்கு அத்தையைப் பழக்கிவிட வேண்டியதுதானே?

புதன்கிழமை சாயந்தரம் பாடற்குழு முழுவதையும் வரச் சொன்னேன். சாமியாரும் இருந்தார். அவர் முன்னாலேயே முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்து, "சாமி, இதுதான் என் இடது கை. மார்ச் மாசத்துல இருந்து இப்படித்தான்" என்றேன். சுற்றி நின்று மறைத்த பெண்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாமியார், "சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். ஸ்டூலை அவரே இழுத்து என் பக்கம் போட்டார்.

அவர்களைப் பாட வைத்து, அந்தப் பாட்டோடு கூடவே கீழ் நடையை என் வலது கையால் வாசித்துப் பதிந்தேன். அத்தை இழுத்த இடத்தில் என் கையும் நின்றது, அவர் மூச்சு வாங்கிய பிறகு கிளம்பியது. மூன்று பாட்டுக்கும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் கேட்டதும் சாமியார் சரி என்றுவிட்டார். இப்போது பெட்டி அத்தைக்காக நிற்கிறது. அத்தைக்கு அதில் ரொம்பப் பெருமை.

நீ பதிந்ததை அழிக்க வேண்டியிருந்தது. முழுவதையும் அழிக்கவில்லை. முன்னிசையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அங்கே யாரும் பாடுவதில்லை, யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. அங்கே நீ உன் இஷ்டத்துக்கு ஓடலாம். பூசை முடிந்ததும் அமிர்தராஜ் வந்து, "அக்கா, அந்த முன்னிசை வாசிச்சது யாரு? கை கொஞ்சம் முரடு, ஆனா நல்லா இருக்கு" என்று கேட்டான். "என் தம்பி. மஸ்கட்ல இருக்கான்" என்றேன்.

பூசை முழுக்க இடது கை பெட்டியின் மேல்தான் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பாட்டைப் பாடினார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைக் கவனித்தாயா? டைப். மெஷினுக்கு ஒரு ரிப்பேரும் இல்லை, என்றைக்குமே இருந்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரே கையால் அடித்தேன். நாலு நாள் ஆயிற்று. ஷிப்ட் கட்டையை மட்டும் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள முடிகிறது. தப்பெழுத்து இருந்தால் மெஷினைத் திட்டு.

அப்பா சுகம். அடியில் அவர் கையெழுத்தில் இருக்கும் ஒரு வரியைப் படித்துக்கொள், இந்த முறை பேனாவைப் பிடுங்கவில்லை. என் இடது கைக்குச் சுகமில்லை, இனியும் ஆகாது. மற்றபடி நான் சுகம்.

நீ எப்படி இருக்கிறாய்? சுகம் என்று எழுதாதே. உள்ளதை எழுது.

உன் அக்கா,
அமலா

மகன் தைரியராஜுக்கு அப்பா சவரிநாதன் ஆசீர். சடை பின்னப் பழகிவிட்டேன். நீ சோறு தின்னு.